அப்பாவைவிடப் பல மடங்கு சம்பளம்... ஆனாலும் மாதக் கடைசியில் ஏன் இழுபறி?

"நாங்கள்லாம் நாலாயிரம் சம்பளத்துல ரெண்டு புள்ளைங்களைப் படிக்க வெச்சு, வீட்டையும் கட்டினோம். உனக்கு எண்பதாயிரம் வந்தும் பத்தலையா?" சென்னை, கோவை, திருச்சி என எந்த ஊரின் நடுத்தர வீட்டிலும் அடிக்கடி விழும் கேள்வி இது. "அப்போ விலைவாசி வேற, இப்போ வேறப்பா" என்பது வழக்கமான பதில். அதோடு பேச்சு நின்றுவிடும். மனக்கசப்பு மட்டும் மிச்சமிருக்கும்.

பெற்றோர் கண்ணுக்குப் பிள்ளையின் ஸ்விக்கி ஆர்டரும் புது போனும்தான் தெரிகின்றன. பிள்ளையின் கண்ணுக்கு வாடகையும் இஎம்ஐயும்தான் தெரிகின்றன. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால், இரண்டு பேருமே கணக்கின் ஒரு பக்கத்தை மட்டும்தான் பார்க்கிறார்கள். ஒரு தலைமுறைக்குள் வருமானம், விலை, தேவை மூன்றும் வெவ்வேறு வேகத்தில் ஓடியிருக்கின்றன. எது எவ்வளவு ஓடியது?

சம்பளம் உண்மையிலேயே கூடியதா?

கூடியிருக்கிறது, சந்தேகமே இல்லை. மத்திய அரசு ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளத்தையே எடுத்துக்கொள்ளலாம். நான்காவது ஊதியக் குழுவின்படி 1986-ல் அது 750 ரூபாய். 1996-ல் 2,550, 2006-ல் 7,000, 2016-ல் 18,000. அகவிலைப்படி தனி. 30 ஆண்டுகளில் அடிப்படைச் சம்பளம் மட்டும் 24 மடங்கு.

ஆனால், தனியார் துறையில் கதை ஒரே மாதிரி இல்லை. பெரிய ஐடி சேவை நிறுவனங்களில் புதிதாகச் சேரும் பொறியாளருக்கு 2010-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 3 முதல் 3.5 லட்சம் ரூபாய் கிடைத்தது. இன்றும் பெரும்பாலான புதியவர்களுக்கு கிட்டத்தட்ட அதே தொகைதான். வருமான வரித் துறை சொத்து விற்பனைக்குப் பயன்படுத்தும் பணவீக்கக் குறியீடு 2011-12-ல் 184, 2025-26-ல் 376. அதாவது, அன்று 3.25 லட்சத்தில் தொடங்கியவரின் வாழ்க்கை இன்றைய புதியவருக்குக் கிடைக்க, குறைந்தது 6.6 லட்சம் வேண்டும். பதினான்கு ஆண்டு மூத்த அக்காவும் தம்பியும் ஒரே வேலையில் சேர்ந்தாலும், தம்பி கையில் இருப்பது பாதி மதிப்புதான்.

வசதி மலிந்தது, அஸ்திவாரம் விலையேறியது

"விலைவாசி ஏறிப்போச்சு" என்ற பதிலும் முழு உண்மை இல்லை. பல பொருட்கள் மலிந்திருக்கின்றன. 1995-ல் இந்தியாவுக்கு செல்போன் வந்தபோது ஒரு நிமிடப் பேச்சுக்கு 16 ரூபாய் வரை கட்டணம். வரும் அழைப்புக்கும் காசு. ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த தலைமுறை அது. வீட்டு போன் இணைப்புக்கும் அப்படித்தான். இன்று சில நூறு ரூபாய் ரீசார்ஜில் மாதம் முழுக்கப் பேசலாம். டிவி, துணிமணி என்று பலவும் சம்பளத்தோடு ஒப்பிட்டால் முன்பைவிடக் கைக்கு எட்டும் விலையில் இருக்கின்றன.

ஏறியது வேறு பக்கம். மனை, வீடு, பள்ளிக் கட்டணம், ஆஸ்பத்திரி பில், தங்கம். 2000-ல் ஒரு பவுன் 4,000 ரூபாய்க்குள் இருந்தது. 2025 அக்டோபரில் 90,000-ஐத் தாண்டியது. 20 மடங்குக்கும் மேல். இதே காலத்தில் மேலே சொன்ன பணவீக்கக் குறியீடு 100-லிருந்து 376-க்குத்தான் வந்திருக்கிறது. அந்தக் குறியீடு விலை உயர்வில் முக்கால் பங்கை மட்டுமே கணக்கில் எடுக்கிறது என்று சேர்த்துப் பார்த்தாலும், இடைவெளி மிகப் பெரியது.

ஆக, சிறு வசதிகள் எல்லோர் கைக்கும் வந்துவிட்டன. ஒரு குடும்பம் காலூன்றத் தேவையான பெரிய விஷயங்கள் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டன. அப்பா பார்ப்பது முதல் மாற்றத்தை. பிள்ளை அனுபவிப்பது இரண்டாவதை.

அன்றைய சிக்கனத்தில் அம்மாவின் பங்கு

"வெளியில ஒரு காபி குடிச்சதில்ல" என்று பெருமையாகச் சொல்லும் வீடுகளில், அந்தக் காபியைப் போட்டவர் யார் என்ற கேள்வி வருவதில்லை. மாவு ஆட்டியது, துணி துவைத்தது, வத்தல் போட்டது, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது, மாமனாருக்கு மருந்து எடுத்துக் கொடுத்தது எல்லாம் பெரும்பாலும் அம்மாவோ பாட்டியோதான். அந்த உழைப்புக்குச் சம்பளம் இல்லை என்பதால், குடும்பத்தின் செலவுக் கணக்கிலும் அது ஏறவில்லை.

இன்று கணவன், மனைவி இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள். அதே வேலைகள் பாக்கெட் மாவு, டே கேர், வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் சம்பளம், டியூஷன், ஆர்டர் செய்யும் சாப்பாடு என்று ஒவ்வொன்றாக பில்லாக மாறியிருக்கின்றன. மத்திய அரசின் 2023-24 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில், நகர்ப்புறக் குடும்பங்களின் உணவுச் செலவில் முதலிடம் பானங்கள், பதப்படுத்திய உணவு, வெளியில் வாங்கும் சாப்பாடு அடங்கிய பிரிவுக்குத்தான். மொத்தச் செலவில் அது சுமார் 11 சதவீதம்.

இதை வெறும் ஊதாரித்தனம் என்று தள்ளிவிட முடியாது. இரண்டாவது சம்பளம் வீட்டுக்குள் வரும்போது, அதில் ஒரு பகுதி அந்தச் சம்பளத்தைச் சம்பாதிக்க வழிசெய்வதற்கே போய்விடுகிறது. அதற்குப் பிறகும் பெண்களின் சுமை தீரவில்லை. 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம்.

வயதான காலத்துக்கு யார் பொறுப்பு?

அரசு வேலையில் இருந்த பெற்றோருக்கு, ஓய்வூதியம் என்ற பெரிய கவலை இல்லை. சம்பளத்தை முழுக்கச் செலவழித்தாலும் மாதா மாதம் பென்ஷன் வரும் என்ற நம்பிக்கை இருந்தது. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு அரசுப் பணியில் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்கு மாற்றப்பட்டார்கள். மத்திய அரசில் இந்த மாற்றம் 2004 ஜனவரி 1 முதல். தனியார் ஊழியர்களில் பெரும்பாலோருக்குச் சொல்லிக்கொள்ளும்படியான பென்ஷன் எப்போதுமே இருந்ததில்லை.

சேமிப்புக்கான வட்டியும் மாறிவிட்டது. பொது வருங்கால வைப்பு நிதியான பிபிஎஃப்-க்கு 2000 ஜனவரி வரை 12 சதவீத வட்டி. போட்ட பணம் ஆறு ஆண்டில் இரட்டிப்பாகும். இப்போது 7.1 சதவீதம், இரட்டிப்பாகப் பத்து ஆண்டு ஆகும். அப்போது விலைவாசியும் வேகமாக ஏறியது என்பது உண்மைதான். ஆனாலும், ரிஸ்க் எடுக்காமல், போஸ்ட் ஆபீஸில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கும் வழி அன்று திறந்திருந்தது. இன்றைய இளைஞர் மியூச்சுவல் ஃபண்ட், டேர்ம் இன்ஷூரன்ஸ் என்று எல்லாவற்றையும் தானே படித்து, தானே முடிவெடுத்து, நஷ்டம் வந்தால் தானே தாங்க வேண்டும். முன்பு அரசோ அலுவலகமோ சுமந்த ஒரு செலவு, இப்போது தனிநபரின் சம்பளத்திலிருந்து போகிறது. சம்பள எண்ணை மட்டும் ஒப்பிடும்போது இது கண்ணில் படுவதே இல்லை.

நேற்றைய ஆடம்பரம், இன்றைய தேவை

இதற்காக இளைய தலைமுறை பக்கம் தப்பே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. எதிர்பார்ப்பு ஏறியிருக்கிறது. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் டூசன்பெரி 1949-லேயே இதை விளக்கினார். மக்கள் தங்கள் செலவைத் தங்கள் வருமானத்தை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. சுற்றியிருப்பவர்களைப் பார்த்தும் முடிவு செய்கிறார்கள். ஒருமுறை பழகிய வசதியிலிருந்து கீழே இறங்குவது மிகக் கடினம். ஏசியில் தூங்கிப் பழகியவருக்கு மின்விசிறி போதாது என்பது மாதிரி.

அப்பாவின் ஒப்பீடு தெருவோடும் அலுவலகத்தோடும் முடிந்தது. பக்கத்து வீட்டில் கலர் டிவி வந்தால்தான் ஆசை வரும். இன்று ஒப்பீடு இன்ஸ்டாகிராம் முழுக்க விரிந்திருக்கிறது. கூடப் படித்தவரின் பாலி ட்ரிப்பும், முகம் தெரியாத ஒருவரின் மாடுலர் கிச்சனும் ஒரே திரையில் வந்து விழுகின்றன. அவர்களின் கடன் மட்டும் அதில் தெரியாது.

அதே நேரம், தேவையாகிப்போன பல விஷயங்கள் ஆசையால் மட்டும் வந்தவையும் அல்ல. ஸ்மார்ட்போன் இல்லாமல் பல வேலைகளுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. வேகமான இணையம் இல்லாமல் வீட்டிலிருந்து வேலை பார்க்க முடியாது. நகரின் விளிம்பில் வாடகைக்குக் குடியிருப்பவருக்கு வண்டி இல்லாமல் ஆபீஸ் போக முடியாது.

சேர்த்து வாங்கியது போய், வாங்கிவிட்டுக் கட்டுவது

முந்தைய தலைமுறை சீட்டு கட்டியது, சேர்த்தது, பிறகு வாங்கியது. பல வீடுகள் ஓய்வுபெறும்போது கிடைத்த பிஎஃப், கிராஜுவிட்டி பணத்தில்தான் எழுந்தன. அதாவது, சொந்த வீடு என்பது 58 வயதுக் கனவு. இன்று அது 30 வயது எதிர்பார்ப்பு.

இந்த அவசரத்துக்கு ஒரு விலை உண்டு. 50 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன், 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு தவணை என்றால் மாதம் சுமார் 43,400 ரூபாய் கட்ட வேண்டும். முடிவில் கட்டியிருக்கும் தொகை 1 கோடியே 4 லட்சம். வட்டி மட்டும் அசலைவிட அதிகம்.

வீட்டுக் கடனுக்காவது எதிரில் ஒரு சொத்து நிற்கிறது. கவலை தருவது மற்ற கடன்கள். ரிசர்வ் வங்கியின் கணக்கில், இந்தியக் குடும்பங்களின் மொத்தக் கடனில் பாதிக்கும் மேல் வீட்டுக் கடன் அல்லாத சில்லறைக் கடன்கள்தான். தனிநபர் கடன், கிரெடிட் கார்டு, நகைக் கடன், வாகனக் கடன் எல்லாம் இதில் அடங்கும். அடமானம் இல்லாத நுகர்வுக் கடன் வேகமாகப் பெருகியதால், 2023 நவம்பரில் வங்கிகளுக்கான விதியையே ரிசர்வ் வங்கி இறுக்க வேண்டிவந்தது. "நோ காஸ்ட் இஎம்ஐ" என்ற வார்த்தை, 60,000 ரூபாய் போனை மாதம் 5,000 ரூபாய் போனாக மனதில் பதியவைக்கிறது. அப்படி நாலு தவணை சேர்ந்தால், சம்பளம் வந்த மூன்றாம் நாளே கணக்கு காலி.

எல்லா வீட்டுக்கும் ஒரே கணக்கு இல்லை

"அப்பா தலைமுறை" என்றதும் பென்ஷன் வாங்கும் அரசு ஊழியரும் சொந்த வீடும் நினைவுக்கு வருவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. விவசாயக் கூலி, நெசவு, கட்டட வேலை, சிறு கடை என்று பிழைத்த பெற்றோரின் பிள்ளைகளும் இன்று அதே ஐடி பார்க்கில் வேலை பார்க்கிறார்கள். சக ஊழியரும் இவரும் வாங்குவது ஒரே சம்பளம்தான். ஆனால், ஒருவருக்குப் பெற்றோர் வீடும் பென்ஷனும் பின்னால் இருக்கின்றன. இன்னொருவர் மாதா மாதம் ஊருக்குப் பணம் அனுப்புகிறார், கல்விக் கடனைக் கட்டுகிறார், தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடனையும் அடைக்கிறார். அந்த வீட்டில் பெற்றோரின் பென்ஷனே அந்தப் பிள்ளைதான்.

குடும்பமும் சுருங்கிவிட்டது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். முன்பு நாலு பிள்ளைகள் பகிர்ந்துகொண்ட பெற்றோரின் மருத்துவச் செலவை இனி ஒருவரோ இருவரோதான் தாங்க வேண்டும்.

வீட்டில் என்ன பேசலாம்?

முதலில், காபியையும் பீட்சாவையும் விட்டுவிட்டு வாடகை அல்லது வீட்டுத் தவணை, பிள்ளைகளின் கல்வி, மருத்துவம், வயதான காலம் ஆகிய நாலு பெரிய செலவுகளையும் காகிதத்தில் எழுதலாம். அவற்றுக்குப் போக என்ன மிஞ்சுகிறது என்று தெரிந்தால்தான் மற்ற செலவுகளைப் பற்றிய பேச்சுக்கு அர்த்தம் உண்டு.

இரண்டாவது, சம்பள எண்ணுக்குப் பதில் மாதக் கணக்கில் ஒப்பிடலாம். அன்று அந்த வீட்டைக் கட்ட எத்தனை மாதச் சம்பளம் ஆனது, இன்று அதே தெருவில் ஒரு வீடு வாங்க எத்தனை மாதச் சம்பளம் ஆகும்? இந்த ஒரு கணக்கு பல வீடுகளில் வாக்குவாதத்தை முடித்துவைக்கும்.

மூன்றாவது, பெற்றோருக்கு என்ன சேமிப்பு இருக்கிறது, மருத்துவக் காப்பீடு உண்டா, நாமினி யார் என்று கூச்சப்படாமல் கேட்க வேண்டும். தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டிருக்கிறது. தள்ளிப்போட்டவர்கள் இப்போது விசாரிக்கலாம்.

நாலாவது, சம்பளம் உயரும்போது செலவும் அதே அளவு உயர வேண்டியதில்லை. உயர்வில் பாதியையாவது கைக்கு வருமுன் சேமிப்புக்குத் திருப்பிவிட்டால், பழகாத வசதியை இழந்த வருத்தம் வராது.

ஆனால், எல்லாவற்றையும் வீட்டுக்குள்ளேயே தீர்த்துவிட முடியாது. ஒரு குடும்பத்தின் செலவு, பொதுவில் என்ன கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணிப்பதும், 2022-ல் தொடங்கிய பள்ளிக் காலை உணவுத் திட்டமும், வேலைக்குப் போகும் பெண்களுக்கான தோழி விடுதிகளும் குடும்பங்களின் பாக்கெட்டிலிருந்து போகும் செலவை நேரடியாகக் குறைக்கின்றன. இதே அக்கறை நம்பிக்கையான டே கேர், கட்டுப்படியாகும் வாடகை வீடு, முதியோர் மருத்துவம் ஆகியவற்றுக்கும் வர வேண்டும். அதுவரை, பெற்றோர் சிக்கனமாக இருந்ததும் உண்மை, பிள்ளைகள் திணறுவதும் உண்மை என்று இரண்டையும் ஒப்புக்கொண்டு பேசுவதுதான் வீட்டு நிம்மதிக்கு நல்லது.