சாவி யார் கையில்?



கடல் கடந்து உழைக்கச் செல்லும் தமிழனுக்கு வெளிநாட்டுக் கதவு திறந்திருக்கிறதா என்று மட்டுமே நாம் கேட்டுப் பழகிவிட்டோம். ஆள் தேவைப்படும் நாடு கதவைத் திறந்துதான் வைத்திருக்கும். உள்ளே சென்றவன் விரும்பியபோது வெளியே வர இயலுமா? கூலி கிடைக்காவிடில் வேறு வேலைக்கு மாற இயலுமா? அந்தச் சாவி அவன் கையிலா, முதலாளி கையிலா? கேட்க வேண்டிய கேள்வி இதுவன்றோ!

வளைகுடா நாடுகளில் வேரூன்றிய கஃபாலா முறையை அறிவீர்கள். விசா தருவது அரசு. ஆனால் தொழிலாளி அந்நாட்டில் தங்கும் உரிமை, கஃபீல் எனப்படும் முதலாளியின் பெயரோடு பிணைக்கப்படும். வேலை மாற அவருடைய தடையில்லாச் சான்று வேண்டும். தாயகம் திரும்பவும் அவர் கையொப்பம் வேண்டும் என்ற விதி சில நாடுகளில் நெடுங்காலம் இருந்தது. கூலி வராமல் பணியிடத்தை விட்டு நீங்கினால் ‘ஓடிப்போனவன்’ என்று புகார் எழும். கூலி கேட்டவன் குற்றவாளியாகி நிற்பான்!

இக்கொடுமை நமக்குப் புதிதா? இலங்கைத் தோட்டங்களில் நம்மவரைப் பிணைத்திருந்த ‘துண்டு’ முறையை எண்ணிப் பாருங்கள். ‘இவனுடைய கடன் இவ்வளவு, தீர்த்தால் விடுவிப்போம்’ என்று எழுதிய காகிதத் துண்டு இருந்தால்தான் தொழிலாளி அடுத்த தோட்டத்திற்குச் செல்லலாம். இரும்புச் சங்கிலி தேவைப்படவில்லை, காகிதமே சங்கிலியாயிற்று. 1921இல் அம்முறையைச் சட்டம் ஒழித்தது. நூற்றாண்டு கடந்தும், காகிதத்தின் பெயர் மாறிற்றேயன்றிக் கட்டும் தொழிலை அது கைவிடவில்லை.

மாற்றமே வரவில்லை என்று கூறோம். கத்தார் 2018இல் பெரும்பாலான தொழிலாளர்க்கு வெளியேறும் அனுமதி விதியை நீக்கியது. 2020 சனவரியில் அதனை வீட்டுப் பணியாளர்க்கும் விரிவாக்கியது. அவ்வாண்டிலேயே வேலை மாறத் தடையில்லாச் சான்று வேண்டா என்று சட்டம் செய்தது. 2021 மார்ச்சு முதல் குறைந்தபட்ச மாத ஊதியம் 1,000 ரியால் என்றது. இது கருணையின் கொடையா? இல்லை. 2014இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பில் கத்தார்மீது புகார் எழுந்தது. 2022 உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியை முன்னிட்டு உலகின் கண்கள் அங்கே பதிந்தன. கேட்டோர் இருந்தனர்; கொடுக்க நேர்ந்தது.

சவுதி அரேபியாவும் 2021 மார்ச்சில் விதிகளைத் தளர்த்தியது. ஆனால் வீட்டு வேலை செய்வோரையும், வீட்டு ஓட்டுநரையும், தோட்டக்காரரையும் அந்தச் சீர்திருத்தத்தின் வாயிலுக்கு வெளியே நிறுத்தியது. நான்கு சுவர்களுக்குள் குரல் அடங்கியவரை முதலில் மறப்பதே அதிகாரத்தின் இயல்பு!

அயல்நாட்டைக் குறை கூறும் நாம், நம் வீட்டுத் திண்ணையையும் நோக்க வேண்டாமா? இந்தியாவில் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் உண்டு. பத்தாம் வகுப்புத் தேறாதவர் 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அரசின் அனுமதி பெற வேண்டும். முகவர் பெறத்தக்க கட்டணம் 30,000 ரூபாயும் வரியுமே. ஏட்டில் இப்படி, ஊரில் எப்படி? நகையை அடகு வைத்து, நிலத்தை ஈடு காட்டி, இலட்சக்கணக்கில் கொட்டிக் கொடுப்போரை நீங்கள் அறியமாட்டீர்களா? அனுமதி பெறும் தொல்லையைத் தவிர்க்கச் சுற்றுலா விசாவில் ஏற்றி அனுப்புகிறான் பதிவில்லா முகவன். அங்கே இறங்கியவனுக்குச் சட்டத்தின் நிழலும் இல்லை; இங்கே வட்டி வளர்கிறது. கடனோடு சென்றவன் எதிர்த்துப் பேசுவானா? அவன் துண்டு விமானம் ஏறுமுன்பே எழுதப்பட்டுவிட்டதே!

ஆகவே தோழர்களே, நம் கோரிக்கைகள் தெளிவானவை. ஒப்பந்தம் தமிழில் எழுதப்பட்டுத் தொழிலாளி கையில் தரப்பட வேண்டும். தூதரகங்களில் தமிழ் அறிந்த அலுவலர் இருக்க வேண்டும். வீட்டுப் பணியாளர் விடுபடாத உடன்படிக்கைகளை ஒன்றிய அரசு செய்ய வேண்டும்.

கோரிக்கையோடு கடமை முடியாது. உங்கள் கிளையில் எவரேனும் பயணம் புறப்பட்டால், அவர் விசா வேலைக்கா, சுற்றுலாவுக்கா என்று பாருங்கள். முகவர் பெயர் அரசின் இ-மைகிரேட் பதிவில் உண்டா என்று தேடுங்கள். கடவுச்சீட்டின் படியையும் ஒப்பந்தத்தின் படியையும் வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். மேடையில் ஒரு மணி நேரம் முழங்குவதினும், ஒரு குடும்பத்தை வஞ்சக வலையினின்று காப்பது பெரிய தொண்டு.

உழைப்பை விற்கச் செல்கிறான் தமிழன். உரிமையை விற்க அல்ல. சாவி அவன் கைக்கு வரும்வரை ஓயோம்!