ஒரு வரிக் கட்டளையும் ஒரு பந்தி விருந்தும்



சென்ற பொங்கல் விழாவில் மூன்றாம் பந்திக்குச் சாம்பார் எட்டவில்லை. சமையற்காரரை ஏசாதார் இல்லை; நானும் ஏசினேன். உண்மைக் குற்றவாளி நானேதான் என்பதை இவ்விதழில் ஒப்புக்கொள்ளுகிறேன்.

விருந்துக்குப் பெயர் பதிய நான் ஒரு சிறு நிரல் எழுதியிருந்தேன். பெயர்களை ரெடிஸில் வைத்தேன். இது இத்தாலியரான சால்வத்தோரே சான்ஃபிலிப்போ 2009-இல் வெளியிட்டது. செய்திகளைக் கணினியின் நினைவகத்திலேயே வைத்திருந்து, கேட்ட மாத்திரத்தில் எடுத்துத் தருவது. டாக்கர் கன்டெய்னரில் அதை நிறுவ ஒரே வரி போதும். அந்த வரியை எங்கிருந்தோ படியெடுத்தேன். அதில் 'ஆர்எம்' என்றொரு சொல் கிடந்தது. "நிறுத்தியதும் கன்டெய்னரை அழித்துவிடு" என்பது அதன் பொருளாம்! விழாவுக்கு முதல் நாள் நிறுத்தினேன், மறுபடி தொடங்கினேன். ஒரு பெயரும் இல்லை. நினைவில் நின்றவரை எண்ணிச் சமையற்கூடத்துக்கு ஒரு கணக்குச் சொன்னேன்.

"நினைவகத்தில் வைத்தது போகத்தானே செய்யும்?" என்பர் சிலர். அது தவறு. ரெடிஸ் அவ்வப்போது தன் உள்ளடக்கத்தை வட்டிலும் படியெடுத்து வைக்கிறது. கன்டெய்னருக்குள் 'டேட்டா' என்னும் அடைவில் அந்தப் படி இருக்கும். பெயரிட்ட வால்யூம் ஒன்றை அந்த அடைவோடு பிணைத்துவிட்டால், கன்டெய்னர் அழிந்தாலும் படி பிழைக்கும். ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாக எழுதி வைக்கும் 'அப்பெண்ட் ஒன்லி' முறையையும் இயக்கினால், வழக்கமான அமைப்பில், மின்சாரம் போனாலும் ஏறத்தாழ ஒரு நொடிப் பதிவே இழப்பாகும். ஒரு நொடியில் எத்தனை பேர் சாப்பாட்டுக்குப் பெயர் கொடுத்துவிடப் போகிறார்கள்!

இதனினும் கொடியது வேறொன்று. 6379 என்னும் துறையை நாம் வெளியே திறந்துவிடுகிறோம். டாக்கரோ, வேறு சொல்லாவிட்டால், அதைக் கணினியின் எல்லா வலைமுகங்களிலும் திறக்கிறது. அதிகாரபூர்வ ரெடிஸ் படிமத்தில் பாதுகாப்பு முறையும் அணைந்தே இருக்கிறது, கடவுச்சொல்லும் இல்லை. ஆகவே விடுதி வலையில் உள்ள எவரும் உள்ளே புகுந்து உங்கள் பெயரை நீக்கலாம். தம் பெயரைப் பத்து முறை எழுதலாம். 127.0.0.1 என்ற முகவரியோடு துறையைக் கட்டி, கடவுச்சொல்லும் வைத்தால் தீர்ந்தது. இரண்டு நிமிட வேலை. அதைச் செய்தோமா?

"வேலை நடந்தால் போதாதா?" என்ற கேள்வி நம் ஆய்வுக்கூடங்களில் நாள்தோறும் கேட்கிறது. எனக்கும் அன்று வேலை நடந்தது, நிறுத்தும் வரையில். கட்டளை பலித்ததா என்று பார்த்து மதிப்பெண் இடும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. கன்டெய்னரை அழித்துக் காட்டு, மறுபடி எழுப்பு, பெயர்கள் இருக்கின்றனவா என்று ஆசிரியர் கேட்க வேண்டும்.

வரும் விழாவின் பதிவு வேலையை முதலாண்டு மாணவர் இருவர் ஏற்றிருக்கின்றனர். அந்த ஒரு வரியை என்னிடம் கேட்டார்கள். நான் தரவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் எழுதி வாருங்கள் என்றேன். பெயர்களை ஒரு நோட்டிலும் எழுதி வையுங்கள் என்றேன். சமையற்காரரிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று.