அரசுதான் பெற்றோர் என்றால்

காப்பகத்தில் வளரும் பிள்ளைக்குச் சோறு போட்டோம், துணிமணி கொடுத்தோம், பள்ளிக்கு அனுப்பினோம், அத்தோடு கடமை முடிந்தது என்று நம் அலுவலகங்கள் இருந்துவிடுகின்றன. முடியவில்லை. பிளஸ் டூ தேர்வு எழுதி வந்த பிள்ளையிடம் "அடுத்து என்ன படிக்கப் போறே?" என்று கேட்கவும், அந்தப் பதிலுக்காகக் கல்லூரிக்கும் தாலுகா ஆபீசுக்கும் அலையவும் ஓர் ஆள் வேண்டும். வீட்டுப் பிள்ளைக்கு அம்மாவோ மாமாவோ இருக்கிறார்கள். அரசின் பொறுப்பில் வளரும் பிள்ளைக்கு அந்த ஆள் யார் என்று விசாரித்தால், ஆறு அலுவலகங்களின் பெயர் வருகிறது, ஒரு மனிதரின் பெயர் வருவதில்லை. இதை நிர்வாகக் குறை என்று சொல்லிக் கடந்துபோக முடியாது. பெற்றோரின் இடத்தை எடுத்துக்கொண்டு, அந்தப் பொறுப்பின் பாதியைக் கைவிடுவது அநியாயம்.

நாகை மாவட்டத்துக் கோடியக்கரையை எடுத்துக்கொள்வோம். அக்டோபர் தொடங்கி மார்ச் வரை மீன்பிடிப் பருவம். வெளியூர் மீனவர்களும் குடும்பத்தோடு வந்து கொட்டகை போட்டுத் தங்குவார்கள். அந்த மாதங்களில்தான் வடகிழக்குப் பருவமழையும் புயலும். கடலுக்குப் போனவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை என்றால், ஏழு ஆண்டுகள் தகவலே இல்லாதவரைத்தான் இறந்தவராகக் கருதலாம் என்கிறது சாட்சியச் சட்டம். ஆறாம் வகுப்பில் சேரும்போது அப்பாவைக் கடலில் தொலைத்த பிள்ளை, அந்த ஏழு ஆண்டு முடியும்போது பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருக்கும். அதுவரை அந்தப் பிள்ளை தகப்பனை இழந்த பிள்ளையா, இல்லையா? மீன்வளத் துறைக்கு ஒரு பதில், வருவாய்த் துறைக்கு வேறு பதில், பள்ளியின் விண்ணப்பப் படிவத்தில் அதற்குக் கட்டமே கிடையாது.

ஆதரவற்ற பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பொறுப்பு இந்த மண்ணுக்குப் புதிதல்ல. கோடியக்கரையிலிருந்து பத்துக் கிலோமீட்டர் அளவில் இருக்கும் வேதாரண்யத்தில், சர்தார் வேதரத்தினம் 1946-இல் கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலத்தைத் தொடங்கினார். ஆதரவற்ற பெண் குழந்தைகளுக்கு இருக்க இடத்தோடு படிப்பும் சேர வேண்டும் என்பதே அதன் அடிப்படை. 2004 டிசம்பர் 26 சுனாமி நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன பிறகு, நாகையில் அன்னை சத்யா அரசு குழந்தைகள் காப்பகம் உருவானது. அப்போது ஆட்சியராக இருந்த ஜெ.ராதாகிருஷ்ணன் மாறுதலாகிப் போன பிறகும் அந்தப் பிள்ளைகளைத் தேடி வந்துகொண்டிருந்தார். அங்கே வளர்ந்த பெண்களில் பட்டம் படித்தவர்களும் செவிலியர் படிப்பு முடித்தவர்களும் உண்டு. அவர்கள் திருமணத்திலும் அவர் முன்நின்றார். மனதாரப் பாராட்டுகிறோம். ஆனால் ஓர் அதிகாரியின் நல்ல மனத்தை நம்பித்தான் ஒரு பிள்ளை கல்லூரிக்குப் போக முடியும் என்றால், அதே ஆண்டு வேறு மாவட்டத்தில் வேறு அதிகாரியின் கீழ் வளர்ந்த பிள்ளை செய்த குற்றம் என்ன?

பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் தரும் 'அன்புக் கரங்கள்' 2025 செப்டம்பரில் வந்தது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் 'புதுமைப் பெண்', பையனுக்குத் 'தமிழ்ப் புதல்வன்', மாதம் 1,000 ரூபாய். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடம் 2020 முதல் இருக்கிறது. நாகையில் மீன்வளப் பல்கலைக்கழகமும் மருத்துவக் கல்லூரியும், திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. இத்தனை கதவுகளுக்கும் சாவி ஒரு கட்டுக் காகிதம். அந்தக் கட்டைச் சேர்ப்பதில்தான் பிள்ளைகள் தோற்கிறார்கள்.

சேர்க்கைக்கு வரிசையில் நிற்கும் காப்பகப் பிள்ளையின் கையைப் பாருங்கள். சாதிச் சான்றுக்குத் தகப்பன் சான்று கேட்பார்கள். வருமானச் சான்றுக்கு யாருடைய வருமானம்? முதல் பட்டதாரிச் சான்றுக்குக் குடும்ப அட்டை வேண்டும், அட்டை எங்கே? ஆதாரில் ஒரு எழுத்து, மாற்றுச் சான்றிதழில் ஒரு எழுத்து என்று பெயர் மாறிக் கிடக்கும். பெற்றோர் கையொப்பம் இட வேண்டிய இடத்தில் வார்டன் கையெழுத்துப் போட்டால், "நீங்க என்ன உறவு?" என்று கவுன்டரில் கேட்பார்கள். இ-சேவை மையத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் நடந்து தீருவதற்குள் கலந்தாய்வு தேதி போய்விடும். பிறகு வருவது நாம் எல்லோரும் அறிந்த அறிவுரை: "தையல் கத்துக்கோம்மா, அது போதும்." தையல் நல்ல தொழில்தான். ஆனால் கணக்கில் தொண்ணூறு வாங்கிய பெண்ணிடம், வேறு வழியைத் தேடிப்பார்க்காமலேயே அதைச் சொல்வது அவள் ஆசையைக் கிள்ளி எறிவது.

சலுகையிலும் இந்தக் கோளாறு உண்டு. தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ஆதரவற்ற குழந்தைகளுக்கு ஓர் இடம் இருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் பத்து வயதுக்கு முன்பே பெற்றோரை இழந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பதினோரு வயதில் இழந்த பிள்ளையின் துயரம் எந்த வகையில் குறைவு? இந்த வயது வரம்பை நீக்க வேண்டும். 2018-இலேயே மராட்டிய மாநிலம் ஆதரவற்றோருக்குக் கல்வியிலும் அரசு வேலையிலும் ஒரு சதவீத ஒதுக்கீடு தந்துவிட்டது.

2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் காப்பகப் பிள்ளை ஒவ்வொருவருக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் எழுதச் சொல்கிறது. 18 வயதில் வெளியேறுபவருக்குப் பின்பராமரிப்பு உதவி தரவும் வழி வைத்திருக்கிறது. அந்தத் திட்டக் காகிதம் குழந்தைகள் நலக் குழுவின் கோப்பில் இருக்கிறது. முதன்மைக் கல்வி அலுவலரின் மேசைக்கு அது போகிறதா? கல்லூரி முதல்வர் அப்படி ஒன்று இருப்பதையாவது அறிவாரா? தீபாவளிக்கு விடுதியைப் பூட்டும்போது மற்ற பிள்ளைகள் ஊருக்குப் பஸ் ஏறுகிறார்கள். பதினெட்டு முடிந்ததால் காப்பகத்திலும் இடமில்லாத பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே போகும்? படிப்பைப் பாதியில் விடுவதற்கு இந்த நான்கு நாளே போதும்.

இங்கிலாந்தில் 2014-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு நேரான வழி கண்டது. அரசின் பராமரிப்பில் உள்ள பிள்ளைகளின் கல்வி முன்னேற்றத்துக்கு ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும் ஓர் அதிகாரியை நியமித்தே ஆக வேண்டும். அவர்கள் எத்தனை பள்ளிகளில் சிதறிப் படித்தாலும், அத்தனை பேருக்கும் தலைமையாசிரியர் போல அவர் பொறுப்பேற்க வேண்டும். நமக்கும் இதுதான் தேவை. புதிதாக ஒரு துறை வேண்டாம்.

நாகை மாவட்டம் இதைத் தொடங்கிவைக்கட்டும். குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குழந்தைகள் நலக் குழு, முதன்மைக் கல்வி அலுவலர், வட்டாட்சியர்கள், மீன்வளத் துறை, முன்னோடி வங்கி, கல்லூரி முதல்வர்கள் எல்லோரையும் ஆட்சியர் ஒரே மேசையில் உட்காரவைக்கட்டும். ஒன்பதாம் வகுப்புக்கு வந்த ஒவ்வொரு காப்பகப் பிள்ளையின் பெயரையும் வாசித்து, அந்தப் பிள்ளை என்ன படிக்க விரும்புகிறது என்பதை அதனிடமே கேட்டு எழுதட்டும். சான்றிதழ்கள் பத்தாம் வகுப்புக்குள் கைக்கு வரட்டும். கடலில் தொலைந்தவர்களின் பிள்ளைகளுக்கு, ஏழு ஆண்டு காத்திராமல், வட்டாட்சியர் விசாரணை அறிக்கையையே கல்வி உதவிக்கு ஆதாரமாக ஏற்க அரசு ஆணையிடட்டும். விடுமுறையில் தங்க, 23 வயது வரை, வளர்ந்த காப்பகத்திலேயே ஓர் அறை இருக்கட்டும். இவற்றுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டிய ஒரே அதிகாரியின் பெயரும் தொலைபேசி எண்ணும், வரும் ஜூனில் பள்ளி திறக்கும் முன் எல்லாக் காப்பகங்களின் சுவரிலும் எழுதப்பட வேண்டும்.