வெளியே போக ஒரு பாஸ்

குன்னூர்க்காரர்கள் குளிருக்குப் பயப்பட மாட்டார்கள். ஆனால் கூப்பனுக்குப் பயப்பட வேண்டும் என்பதை என் பெரியப்பாவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

டீ ஃபேக்டரியில் 35 வருஷம் கணக்கு எழுதி ரிட்டயர் ஆனவர். அரைக் கிலோ பாக்கெட்டில் பத்து கிராம் குறைந்தால் கையில் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார். அந்த மனுஷன் 2012-ல் ஊட்டி மலர்க் கண்காட்சி பார்க்கப் போன இடத்தில் ஒரு கூப்பனை நிரப்பிப் போட்டார். இரண்டு நாளில் போன் வந்தது. ‘சார், உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு. மேடத்தையும் கூட்டிட்டு வாங்க!’ போனார்கள். ஒரு ஹோட்டல் ஹாலில் மூன்று மணி நேரம் காபி, கட்லெட், கலர் படம். வெளியே வரும்போது பெரியம்மா கையில் ஒரு டின்னர் செட், பெரியப்பா கையில் ஒரு டைம் ஷேர் ஒப்பந்தம். வருஷத்துக்கு ஏழு இரவு, மொத்தம் 25 வருஷம். விலை 2,80,000 ரூபாய்.

ஊரே ரூம் தேடி மலை ஏறுகிறது. இவர் மலையில் சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு கோவாவில் ரூம் வாங்கினார்!

டைம் ஷேர் என்றாலே மோசடி என்று நான் சொல்ல வரவில்லை. 1986-ல் ஆரம்பித்த ஸ்டெர்லிங், 1996-ல் வந்த மஹிந்திரா இரண்டுக்குமே ஊட்டியில் ரிசார்ட் இருக்கிறது. முன்கூட்டியே திட்டம் போட்டு லீவு எடுக்கிற குடும்பங்கள் சந்தோஷமாகத்தான் போய் வருகின்றன. பெரியப்பா வாங்கியது இந்த இரண்டும் இல்லை, வேறொன்று. பெயர் வேண்டாம்.

அவர் கேட்ட தேதியில் ரூம் கிடைக்காது. கிடைத்த தேதியில் பெரியம்மாவுக்கு முட்டி வலி. பதினோரு வருஷத்தில் போனது மூன்றே தடவை, 21 இரவு. ஆனால் வருஷா வருஷம் பராமரிப்புக் கட்டணம் மட்டும் தவறாமல் வரும், ஏறிக்கொண்டே வரும். அதில் போனது சுமார் 1,20,000. நான் பி.காம். படித்த பாவத்துக்குக் கூட்டி வகுத்துப் பார்த்தேன். ஓர் இரவுக்கு 19,000 ரூபாய் சொச்சம். ராஜா தங்குகிற அறைக்குக் கொடுக்கிற வாடகை. அவருக்குக் கிடைத்தது கார் பார்க்கிங்கைப் பார்த்த ஜன்னல்.

சரி, இதுவரை நடந்தது முதல் ஏமாற்றம். நான் எழுத வந்தது இரண்டாவதைப் பற்றி.

2023-ல் ஒரு போன். அழகான தமிழ் பேசுகிற பெண் குரல். பெரியப்பாவின் பெயர், மெம்பர்ஷிப் நம்பர், வாங்கிய வருஷம், கட்டிய தொகை எல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ‘உங்க ஒப்பந்தத்தை கேன்சல் பண்ணி, வட்டியோட 4,60,000 வாங்கித் தர்றோம் அங்கிள். எங்ககிட்ட வக்கீல் பேனலே இருக்கு.’ முதலில் ஃபைல் சார்ஜ் 10,000, ஜி.எஸ்.டி. சேர்த்து 11,800. கட்டினார். பத்து நாள் கழித்து, ‘கம்பெனி ஒத்துக்கிட்டாங்க அங்கிள், தடையில்லாச் சான்றுக்கு 35,400.’ அதையும் கட்டினார். மூன்றாவதாக, ‘செக் ரெடி. டி.டி.எஸ். 10 பர்சன்ட், 46,000 மட்டும் கட்டிட்டா போதும்.’ அந்த இடத்தில்தான் பழைய கணக்குப்பிள்ளை கண் விழித்தார். ‘டேய் தம்பி, டி.டி.எஸ்.ஸை வாங்கறவன் எதுக்குடா கட்டணும்?’ என்று எனக்கு போன் பண்ணினார்.

அதுதானே? பணம் கொடுக்கிறவன் பிடித்துக்கொண்டு கொடுப்பதற்குப் பெயர்தான் டி.டி.எஸ். வரப்போகிற பணத்துக்கு முன்னாலேயே டி.டி.எஸ். கட்டச் சொல்வது, பிறக்காத பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கேட்பது மாதிரி. ரசீதை வாங்கிப் பார்த்தேன். 18 சதவிகித ஜி.எஸ்.டி. போட்டிருக்கிறார்கள். ஜி.எஸ்.டி. எண் கிடையாது. பணம் போனது ஒரு தனி ஆளின் பேங்க் கணக்குக்கு.

‘எல்லாரையும் சந்தேகப்படலாமா சார், நல்ல வக்கீல்களே இல்லையா?’ என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். ஆனால் நல்ல வக்கீல் உங்களுக்கு போன் பண்ணி கேஸ் கேட்க மாட்டார். ஆள் பிடிக்கக் கூடாது, விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. ஆக, போனில் கூப்பிட்டு ‘வக்கீல் பேனல்’ என்கிறவர் ஒன்று வக்கீல் இல்லை, அல்லது விதியை மீறுகிற வக்கீல். வக்கீலே இல்லையென்றால் அவர் செய்யக்கூடியது என்ன? ஒப்பந்தம் உங்களுக்கும் ரிசார்ட் கம்பெனிக்கும் இடையில். மூன்றாவது ஆள் நினைத்தால் ரத்தாகிவிடாது. அவர் எழுதப்போகிற கடிதத்தை நீங்களே எழுதலாம், தபால் செலவோடு முடிந்துவிடும்.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவில் ‘டைம் ஷேர் எக்ஸிட் டீம்’ என்ற பெயரில் ரேடியோவில் விளம்பரம் செய்து தொழில் நடத்திய ரீட் ஹைன் நிறுவனத்தின் மேல் வாஷிங்டன் மாநில அட்டர்னி ஜெனரல் 2020-ல் வழக்குப் போட்டார். அடுத்த வருஷம் 26 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். 2022-ல் இன்னொரு குழுமத்தின் மேல் அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையமும் விஸ்கான்சின் மாநிலமும் சேர்ந்து வழக்குப் போட்டன. வயதானவர்களைக் குறிவைத்து 9 கோடி டாலருக்கு மேல் கறந்துவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. மெக்சிகோவின் ஹலிஸ்கோ போதைக் கும்பல் இதே தொழிலை நடத்துகிறது என்று 2023-ல் அமெரிக்க நிதித் துறை தடையே போட்டது. கொகெய்ன் விற்கிறவனுக்கே இது உபரி வருமானம் என்றால் லாபத்தை யோசித்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பாவில் 2009-ல் ஒரு சட்ட விதி கொண்டுவந்தார்கள். டைம் ஷேர் வாங்கியவன் 14 நாளைக்குள் காரணமே சொல்லாமல் விலகலாம், அதுவரை ஒரு பைசா முன்பணம் வாங்கக் கூடாது. அதைவிட முக்கியம், உங்கள் டைம் ஷேரை விற்றுத் தருகிறேன் என்கிறவன், விற்று முடிக்கும் வரை கட்டணம் கேட்கக் கூடாது. இந்த ஒரு வரி இங்கே சட்டமாக இருந்தால் பெரியப்பாவின் 47,200 தப்பித்திருக்கும். நம்மிடம் டைம் ஷேருக்கென்று தனிச் சட்டமே கிடையாது. சில கம்பெனிகள் தாமாக மனமிரங்கிச் சில நாள் அவகாசம் தருகின்றன, அவ்வளவுதான். விற்கும்போது சிவப்புக் கம்பளம், விலகும்போது பூட்டிய கதவு. அந்தக் கதவுக்கு வெளியேதான் இந்தக் கள்ளச் சாவிக்காரர்கள் கடை போடுகிறார்கள். ரிசார்ட் கம்பெனிகளுக்கு இதில் பங்கில்லை என்று யாராவது சொன்னால், என் பெரியப்பாவின் மெம்பர்ஷிப் நம்பர் அந்தப் பெண்ணுக்கு எப்படிக் கிடைத்தது என்று முதலில் சொல்லட்டும்.

2024 மே மாதத்தில் ஊட்டிக்கு இ-பாஸ் முறை வந்தது. ஊட்டிக்குள் நுழைய அரசாங்கம் அதை இலவசமாகக் கொடுக்கிறது. வெளியே போக இவர்கள் 47,200 வாங்கினார்கள்.

உங்களிடமும் இப்படி ஒரு பத்திரம் பீரோவில் தூங்கினால், முதலில் கம்பெனிக்கே எழுதுங்கள். அசைய மாட்டேன் என்றால் 1915-க்குப் போன் போடுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் வருஷச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற ஊரிலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. பிரச்னை நடந்து இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும், அதை மட்டும் மறக்காதீர்கள். பணம் ஏற்கெனவே போய்விட்டது என்றால் 1930. சைபர் குற்ற எண். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ அவ்வளவு நல்லது.

பெரியப்பா மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டார். காரணம் சோம்பல் இல்லை, வெட்கம். பெரியம்மாவுக்குத் தெரியக் கூடாதாம். ‘நாற்பது பேருக்குச் சம்பளக் கணக்குப் போட்டவன், எவளோ அங்கிள்னு கூப்பிட்டதும் கட்டிட்டேன்னு எப்படிடா சொல்றது?’ என்றார். அதற்குள் அந்த பேங்க் கணக்கு துடைத்து வைத்த தட்டு மாதிரி ஆகியிருந்தது. இந்த வெட்கம்தான் அவர்களுடைய முதலீடு. ஏமாந்தவர் வாய் திறக்காதவரை அடுத்த நம்பருக்குத் தைரியமாகப் போன் பண்ணலாம்.

கடைசியில் பெரியம்மாவிடம் நான்தான் சொன்னேன். ‘போன் வரும்போதெல்லாம் வாசலுக்கு எழுந்து போவாரு, எனக்கு அப்பவே தெரியும்’ என்றார்.

போன மாதம் குன்னூர் போயிருந்தேன். டீ குடித்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. இந்தத் தடவை ஆண் குரல். கேன்சல் கம்பெனியிடம் இழந்த 47,200-ஐ மீட்டுத் தருகிற கம்பெனியாம். ஃபீஸ் 5,000 மட்டும். பெரியப்பா ஸ்பீக்கரைப் போட்டார். ‘தாராளமா செய் தம்பி. பணத்தை மீட்டு, அதுல உன் 5,000-ஐ எடுத்துக்கிட்டு, மிச்சம் 42,200-ஐ என் கணக்குல போட்டுடு’ என்றார்.

லைன் கட்டாகிவிட்டது.