முற்றுப்புள்ளி யாருடையது?

1990 ஒக்டோபர் இறுதியில் மன்னார்த் தீவின் முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டி, தாராபுரம், உப்புக்குளம் என்று நம் ஊர்கள் சில நாட்களில் வெறுமையாகின. பலர் வள்ளங்களில் கற்பிட்டிக் கரை சேர்ந்தார்கள். அந்தச் சனத்தின் வாய்மொழியை நம்மவர் சிலர் ஆங்கிலத்தில் எழுதி வருகிறார்கள். நல்ல காரியம். ஆனால் அவர்கள் மேற்கோள் குறி போடும் விதம் பற்றி எனக்கு ஒரு முறைப்பாடு உண்டு.

"ஒரு புள்ளிக்குமா சண்டை?" என்பீர்கள். குர்ஆன் ஓதுகிறவர்கள் அப்படிக் கேட்கலாகாது. ஆல இம்ரான் அத்தியாயத்தின் 7ஆம் வசனத்தில் அல்லாஹ்வின் பெயரோடு நிறுத்துவதா, கல்வியில் உறுதியானவர்களையும் சேர்த்து நிறுத்துவதா என்பதில் விரிவுரையாளர்களிடையே இரண்டு கருத்து. நிறுத்தும் இடம் மாறினால், உட்பொருளை அறிந்தவர் யார் என்பதே மாறிவிடும்.

அமெரிக்க வழக்கில் மேற்கோளின் கடைசியில் வரும் முற்றுப்புள்ளியும் காற்புள்ளியும் குறிக்கு உள்ளேதான். சொன்னவர் அங்கே நிறுத்தினாரா என்ற கேள்வியே இல்லை. சிக்காகோ பல்கலைக்கழக அச்சகத்தின் கைநூல் வகுப்பதும் இதுவே. பிரித்தானிய வழக்கு பொதுவாகப் பொருளைப் பார்க்கும்: புள்ளி பேசியவருடையதானால் உள்ளே, எழுதுபவருடையதானால் வெளியே. பவுலர் சகோதரர்கள் 1906இல் 'த கிங்ஸ் இங்கிலிஷ்' நூலில் வாதாடியது இதற்காகத்தான்.

உள்ளே வைத்தால் அழகாம். கேள்விக்குறி வந்தால் அமெரிக்கரும் பொருளைத்தானே பார்க்கிறார்கள்? அடைப்புக்குறியிலும் அப்படியே: முழு வாக்கியமும் தனியாக அடைப்புக்குள் நின்றால் புள்ளி உள்ளே, வாக்கியத்தின் கடைசித் துண்டு மட்டும் நின்றால் வெளியே. அங்கெல்லாம் பொருள் வேண்டும், மேற்கோளின் புள்ளிக்கு மட்டும் அழகு போதுமா?

நானே அமைத்த ஓர் உதாரணம். ஓர் உம்மா, "கிணறும் பள்ளிக்கூடமும் இருந்தால் திரும்பிப் போவோம்" என்கிறார். தமிழில் நிபந்தனை முன்னே நிற்கும். ஆங்கிலத்தில் 'திரும்பிப் போவோம்' முந்திக்கொள்ள, நிபந்தனை வாலாகத் தொடரும். எழுதுபவர் வாலை நறுக்கி, புள்ளியை உள்ளே வைத்து மேற்கோளை மூடுகிறார். உம்மா நிபந்தனையே வைக்காதவர் ஆகிறார்! புள்ளி வெளியே நின்றிருந்தால், வாக்கியத்தை முடித்தது எழுதியவர் என்பதற்கு ஒரு தடயமாவது மிஞ்சும். மீள்குடியேற்றம் பற்றிக் கொழும்பிலும் ஜெனீவாவிலும் பேசுகிறவர்கள் வாசிப்பது அந்த ஆங்கிலத்தைத்தான்.

அடைப்புக்குறியிலும் இதே கவனம் வேண்டும். அவர் 'சனம்' என்றதை 'முஸ்லிம் சனம்' என்று விளக்கினால், சேர்த்த சொல் சதுர அடைப்புக்குள் நிற்கட்டும். வளைந்த அடைப்புக்குள் இட்டால் அவரே இடையில் சொன்னதாகிவிடும். குர்ஆன் தமிழாக்கங்களில் மொழிபெயர்ப்பாளர் தாம் சேர்த்த சொல்லை அடைப்பிட்டுப் பிரித்துக் காட்டுவது நமக்குப் பழகிய ஒழுக்கம். இறைவசனத்துக்குக் காட்டும் பேணுதலில் ஒரு சிறு பங்கையாவது ஓர் அகதியின் சொல்லுக்குக் காட்டக்கூடாதா?

அமெரிக்கப் பதிப்பகம் தன் விதியை வற்புறுத்தினால் என்ன செய்வது? முழு வாக்கியத்தையும் மேற்கோளாக எடுங்கள். அப்போது புள்ளி உள்ளே நிற்பதில் பொய் இல்லை. துண்டாக எடுக்க நேர்ந்தால், நிபந்தனையை உங்கள் வாக்கியத்திலாவது சொல்லிவிடுங்கள்.

வீடு, வளவு, தோணி எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள் தம்மோடு கொண்டுவந்தது பேச்சு ஒன்றைத்தான். அதை எங்கே முடிப்பது என்ற உரிமையாவது அவர்களிடம் இருக்கட்டும்.