மூடியில் கோடு எதற்கு?

குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கைராசிக்கார டாக்டரைத் தேடி ஊர் விட்டு ஊர் போகிறோம். டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் காத்திருக்கிறோம். வீட்டுக்கு வந்ததும் அவர் எழுதிய மருந்தைக் கையில் கிடைத்த ஸ்பூனில் ஊற்றுகிறோம். இது என்ன நியாயம்?

வீட்டு ஸ்பூனில் தண்ணீர் எடுத்து, சிரப்போடு வந்த மூடியில் ஊற்றிப் பாருங்கள். ஒரு ஸ்பூன் மூன்று மில்லிகூடப் பிடிக்காது, இன்னொன்று ஏழைத் தொடும். 5 மில்லி என்று டாக்டர் எழுதியது கண்ணளவுக்கு அல்ல.

பாராசிட்டமாலையே பாருங்கள். ஒரு சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம். அதே பெயரில் இன்னொன்றில் 250. கைக்குழந்தைக்கான டிராப்ஸில் பெரும்பாலும் ஒரே மில்லியில் 100. அதை சிரப் என்று நினைத்து 5 மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம், பெரியவர்கள் போடும் முழு மாத்திரை! அண்ணனுக்கு வாங்கியது மிச்சம் இருக்கிறதே என்று தங்கைக்கு ஊற்றும்போது லேபிளைத் திருப்பிப் பார்க்கிறோமா? எடைக்குத்தான் அளவு: கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். உடம்பு இன்னும் சுடுகிறதே என்று பதறி இரண்டு மணி நேரத்தில் மறுபடி கொடுக்காதீர்கள். நான்கு மணி நேரமாவது போகட்டும்.

ஆன்டிபயாடிக் பொடியைக் கலக்குவதிலும் அவசரம்தான். கொதித்து ஆறிய தண்ணீரைப் பாட்டிலில் உள்ள கோடு வரை ஊற்றிக் குலுக்கினால், நுரை அடங்கியதும் மட்டம் கீழே இறங்கியிருக்கும். மறுபடி கோடு வரை ஊற்ற வேண்டும். அங்கேயே விட்டுவிட்டால் மருந்து கெட்டியாகி அளவு ஏறிவிடும். மூன்றாம் நாள் பிள்ளை ஓடியாடத் தொடங்கியதும் நாமாகவே நிறுத்திவிட்டு, 'அடுத்த சளிக்கு ஆகும்' என்று பாட்டிலை ஃப்ரிட்ஜ் கதவில் செருகுகிறோமே, அந்தச் சிக்கனம் யாருக்காக? அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் கலந்தபின் ஃப்ரிட்ஜில் இருந்தாலும் 7 நாள்தான் தாங்கும். வைரஸால் வரும் சாதாரணச் சளிக்கு அது கேட்கவும் கேட்காது.

வயிற்றுப்போக்குக்குத் தரும் ஜிங்க் சிரப்பும் இப்படித்தான். பேதி நின்றாலும் 14 நாள் கொடுக்கச் சொல்வார்கள். நாம் மூன்றாம் நாளே மறந்துவிடுவோம்.

எத்தனை மில்லி, எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை, எத்தனை நாள் என்று கேட்காமல் டாக்டர் முன்னாலிருந்து எழாதீர்கள். கேட்டதை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டி, கொடுத்த நேரத்தையும் பக்கத்தில் குறியுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் ஆறு மணிக்குக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனது தெரியாமல், பாட்டி எட்டு மணிக்கு இன்னொரு மூடி ஊற்றிவிடுவார்.