தராசுக்கு முத்திரை உண்டு, லாரிக்கு?



கடை வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் முத்திரை ஆய்வாளரைத் தெரியும். குறித்த காலத்தில் தராசையும் எடைக்கல்லையும் காட்டி முத்திரை வாங்கியாக வேண்டும். 'நான் நேர்மையானவன், என் தராசுக்கு எதற்கு முத்திரை?' என்று எந்த வியாபாரியும் கேட்பதில்லை. கேட்டாலும் எடுபடாது. ஏனென்றால், முத்திரை என்ற ஒன்று இல்லாவிட்டால் முதலில் கடையை மூடுபவன் நேர்மையான வியாபாரிதான்! எடையில் அடிப்பவன் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைத்து விற்பான். கூட்டம் அவன் கடைக்குப் போகும். சரியாக நிறுத்துக் கொடுப்பவன் ஈ ஓட்டிக் கொண்டிருப்பான். முத்திரை வாங்குபவரை மட்டும் காப்பாற்றவில்லை. ஒழுங்காக விற்பவரையும் சேர்த்துத்தான் காப்பாற்றுகிறது.

ஐம்பது கிராம் மிளகாயில் இவ்வளவு கவனமாக இருக்கும் நாம், முப்பது டன் எடையோடு நம் தெருமுனையைக் கடந்து பறக்கும் லாரியின் வேகத்துக்கு முத்திரை கேட்டிருக்கிறோமா?

கனரக லாரிகளுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அதாவது ஸ்பீடு கவர்னர், கட்டாயம் வேண்டுமா, வேண்டாமா என்று இன்னமும் சிலர் விவாதித்துக் கொண்டிருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், சட்டப் புத்தகத்தில் இந்த விவாதம் எப்போதோ முடிந்து விட்டது. 1997 நவம்பர் 18 அன்று டெல்லியில் ஒரு பள்ளிப் பேருந்து யமுனை ஆற்றில் விழுந்து 28 மாணவர்கள் இறந்தார்கள். இரண்டே நாளில், நவம்பர் 20 அன்று, உச்ச நீதிமன்றம் டெல்லியில் ஓடும் கனரக, நடுத்தர வாகனங்களுக்கும் சரக்கு வாகனங்களுக்கும் 40 கிலோமீட்டரைத் தாண்ட விடாத கருவி பொருத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. நாடு முழுவதற்குமான விதி 2015 ஏப்ரலில் வந்தது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 118ஆவது விதியைத் திருத்தி, 2015 அக்டோபர் 1 முதல் தயாராகும் சரக்கு வாகனங்கள் 80 கிலோமீட்டருக்கு மேல் ஓடாதபடி கருவியோடுதான் வர வேண்டும் என்றார்கள். டிப்பர், டேங்கர், பள்ளி வாகனம், அபாயகரமான பொருள் ஏற்றும் வாகனம் ஆகியவற்றுக்கு 60 கிலோமீட்டர்தான் எல்லை. பழைய வண்டிகளில் எவற்றுக்குப் பொருத்துவது என்று முடிவெடுக்கும் பொறுப்பை மாநில அரசுகளிடம் விட்டார்கள்.

ஆகவே கட்டாயமா இல்லையா என்பது இன்றைய கேள்வி அல்ல. வண்டிக்குள் இருக்கும் அந்தக் கருவி உண்மையில் வேலை செய்கிறதா, அல்லது எஃப்.சி. காட்டும் நாளில் மட்டும் உயிர் பெற்று மறுநாள் செத்துப் போகிறதா என்பதுதான் கேள்வி.

கருவி ஒன்றும் மந்திரப் பெட்டி அல்ல. வண்டியின் வேகத்தை உணரும் ஒரு சென்சார். அதோடு இணைந்த ஒரு சிறு பெட்டி. குறித்த வேகத்தைத் தொட்டதும், ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் இன்ஜினுக்குப் போகும் டீசல் அதற்கு மேல் கூடாது. புதிய வண்டிகளில் இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டரிலேயே இந்த ஏற்பாடு இருக்கிறது. பழைய வண்டிகளில் தனியாகப் பொருத்தி சீல் வைக்கிறார்கள். தனியாகப் பொருத்திய கருவியைச் செயலிழக்கச் செய்ய ஒரு வயரைப் பிடுங்கினால் போதும் என்பது பட்டறையில் வேலை பார்க்கும் பையனுக்கும் தெரியும்.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பாதையை எண்ணிப் பாருங்கள். சிப்காட் ரசாயன ஆலைகளுக்கு வந்து போகும் டேங்கர்கள் ஒருபுறம். துறைமுகத்திலிருந்து கிளம்பும் மீன் வண்டிகள் ஒருபுறம். ஜல்லியும் மணலும் ஏற்றிய டிப்பர்கள் ஒருபுறம். நெல்லிக்குப்பம் பக்கம் போனால் கரும்பு டிராக்டர்களும் சேர்ந்து கொள்ளும். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று ஊருக்கு ஊர் சாலையைக் கடக்கும் பள்ளிப் பிள்ளைகள், சைக்கிளில் போகும் பெரியவர்கள், பரங்கிப்பேட்டைக்குத் திரும்பும் பைக்குகள். சாலை அகலமாக அகலமாக வேகமும் ஏறிக் கொண்டே போகிறது. சாலையைக் கடக்கும் கிழவியின் நடை மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

2024 செப்டம்பரில் இதே பி.முட்லூரில் காரும் லாரியும் மோதி ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேர் இறந்தார்கள். 2023 ஜனவரியில் நம் மாவட்டத்து வேப்பூர் அருகே, திருச்சி - சென்னை நெடுஞ்சாலையில் பல வாகனங்கள் அடுத்தடுத்து மோதியதில் ஒரு காரில் இருந்த ஐந்து பேரும் நசுங்கினார்கள். இந்த விபத்துகளில் யார் மீது தவறு என்று தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. அது காவல்துறையின், நீதிமன்றத்தின் வேலை. ஆனால் லாரி மோதும் விபத்து ஏன் இவ்வளவு கொடியதாக இருக்கிறது என்று நாம் சிந்திக்க வேண்டாமா?

கணக்கு எளியது. மூன்று அச்சு லாரி சரக்கோடு சேர்த்து 28.5 டன் வரை இருக்கலாம் என்று 2018இல் அரசு எல்லையை உயர்த்தியது. வேகம் கூடும்போது மோதும் வலிமை அதே அளவில் கூடுவதில்லை. வேகத்தின் வர்க்கமாகக் கூடுகிறது. 80இல் போகும் லாரி 100இல் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது. மோதும் வலிமையோ ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகி விடுகிறது. 80இல் போகும் வண்டி ஒரு வினாடியில் 22 மீட்டர் போகிறது. 100இல் 28 மீட்டர். குழந்தை கண்ணில் பட்டு, டிரைவரின் கால் பிரேக்கைத் தொடுவதற்குள் கடந்து விடும் தூரம் இது. பிரேக் பிடித்து வண்டி நிற்கும் தூரம் இதற்கு மேல்!

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய அரசின் கணக்கு சொல்கிறது. அவர்களில் 71 சதவீதம் பேரின் சாவுக்கு அதிவேகம் காரணம் என்று பதிவாகியிருக்கிறது. இது லாரி மட்டுமல்ல, எல்லா வாகனங்களுக்குமான கணக்கு. அதே ஆண்டில் தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாடு முழுவதும் இறந்தவர்களில் 44 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். இளைஞர்களே, அந்தக் கணக்கில் இருப்பது உங்கள் வயதுக்காரர்கள்!

சரி, லாரி ஏன் பறக்கிறது? டிரைவருக்கு வேகத்தின் மீது வெறி என்று சொல்லிக் கையைக் கழுவி விடுவது சுலபம். அந்த டிரைவர் எங்கே நேரத்தை இழந்தார் என்று நாம் கேட்பதில்லை. காலை ஏழு மணிக்கு நம் குடோன் வாசலுக்கு வந்த லாரி, இறக்கும் ஆள் வரவில்லை என்று பதினோரு மணி வரை நிற்கிறது. பில் தயாராகவில்லை என்று இன்னும் ஒரு மணி நேரம். அடுத்த ஊரில் லோடு காத்திருக்கிறது. புக்கிங் ஆபீஸிலிருந்து போன் வந்து கொண்டே இருக்கிறது. நம் வாசலில் இழந்த நேரத்தை அவர் எங்கே போய்ப் பிடிப்பார்? சாலையில்தான்! தூக்கத்தைக் குறைத்தும் வேகத்தைக் கூட்டியும்தான் பிடிப்பார். மோட்டார் தொழிலாளர்களுக்கு நாளுக்கு எட்டு மணி நேரம்தான் வேலை என்று 1961ஆம் ஆண்டிலேயே சட்டம் எழுதினார்கள். சரக்கு லாரி டிரைவருக்கு அது ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்தது.

'விடியற்காலைக்குள் சரக்கு கடைக்கு வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் வாடகையில் பிடித்துக் கொள்வேன்' என்று நாம் சொல்லும்போது, ஆக்சிலேட்டரை மிதிப்பது டிரைவரின் கால் மட்டுமா? சட்டமும் இதைத்தான் சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 183ஆவது பிரிவு, வேக வரம்பை மீறி ஓட்டுபவரை மட்டுமின்றி, தனக்குக் கீழே வேலை செய்பவரை அப்படி ஓட்டச் செய்பவரையும் தண்டிக்கிறது. வரம்பை மீறாமல் முடிக்கவே முடியாத நேரத்தைக் குறித்து உத்தரவிட்டால், அந்த உத்தரவே முதல்நோக்கில் சாட்சியாகும் என்றும் சொல்கிறது. நம்மில் எத்தனை லாரி உரிமையாளர்கள் இதைப் படித்திருக்கிறோம்?

கருவி டிரைவரின் எதிரி அல்ல. அவருக்குக் கிடைத்த பாதுகாப்பு. 'முதலாளி, வண்டி 80க்கு மேல் போகாது' என்று அவர் சொல்ல முடியும். அதற்கு மேல் யாரும் அவரை விரட்ட முடியாது. நியாயமாக ஓட்டும் உரிமையாளருக்கும் இதுவே பாதுகாப்பு. எல்லா லாரிக்கும் ஒரே எல்லை என்றால், டிரைவரை விரட்டி ஒரு டிரிப் கூடுதலாக அடிப்பவன் வாடகையைக் குறைத்து மற்றவர்களின் பிழைப்பைக் கெடுக்க முடியாது. விருப்பமுள்ளவர் மட்டும் பொருத்தலாம் என்று விட்டால் பொருத்தியவர் நஷ்டப்படுவார். ஆகவேதான் கட்டாயம் என்கிறோம்.

இதற்குச் சில எதிர்ப்புகள் இருக்கின்றன. அவற்றையும் நேராகப் பார்ப்போம்.

'நேரம் வீணாகும், சரக்கு விலை ஏறும்' என்கிறார்கள். கடலூரிலிருந்து சென்னைக்குச் சுமார் 180 கிலோமீட்டர். வழி நெடுக 100இல் பறந்தால் ஒரு மணி 48 நிமிடம். 80இல் போனால் இரண்டே கால் மணி. வித்தியாசம் 27 நிமிடம். டோல்கேட், சிக்னல், ஊர் நெரிசல் என்று பார்த்தால் வழி நெடுக 100இல் எந்த லாரியும் போகப் போவதில்லை. மிச்சமாகும் நேரம் இன்னும் குறையும். இதைவிட அதிக நேரத்தை நம் குடோன் வாசலில் தினமும் வீணாக்குகிறோம். வேகம் கூடினால் டீசலும் டயரும் கூடுதலாகத் தேயும் செலவை யார் கணக்கில் எழுதுகிறார்கள்?

'முந்திச் செல்லும் அவசரத்தில் வேகம் கிடைக்காவிட்டால் அதுவே ஆபத்து' என்கிறார்கள். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஒரே வேகத்தில் கட்டுப்பட்ட இரண்டு லாரிகள் பக்கத்துப் பக்கத்தில் நீண்ட நேரம் ஓடிப் பின்னால் வருபவர்களை மறிப்பதும் உண்டு. ஆனால் 100இல் போனால்தான் முந்த முடியும் என்ற இடத்தில் முந்தாமல் இருப்பதுதான் சரி. எல்லா லாரிக்கும் ஒரே எல்லை இருக்கும்போது முந்த வேண்டிய தேவையும் குறைகிறது.

'அமெரிக்காவே கைவிட்டு விட்டது' என்கிறார்கள். உண்மைதான். 2016இல் அங்கே முன்வைத்த திட்டத்தை 2025இல் திரும்பப் பெற்றுக் கொண்டார்கள். ஆனால் ஐரோப்பிய நாடுகள் 1992இலேயே 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு 90 கிலோமீட்டர் எல்லை வைத்துக் கருவியைக் கட்டாயமாக்கின. 2002இல் அதை மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கும் விரித்தன. கனடாவில் ஒண்டாரியோ, கியூபெக் மாநிலங்கள் 2009இல் 105 கிலோமீட்டர் என்று நடைமுறைப்படுத்தின. அங்கெல்லாம் வியாபாரம் நின்று விட்டதா? வளைகுடாவில் கார் ஓட்டிய சகோதரர்கள், 120ஐத் தாண்டியதும் மணி அடிக்கும் வண்டிகளைப் பார்த்திருப்பார்கள். அந்த மணி எச்சரிப்பதோடு நின்று விடும். இந்தக் கருவியோ தடுத்தே விடும்.

'கருவி என்ற பெயரில் சில கம்பெனிகள் கொள்ளையடிக்கின்றன' என்கிறார்கள். இந்தக் குறையை அலட்சியப்படுத்தக் கூடாது. குறிப்பிட்ட நிறுவனங்களிடம் மட்டுமே வாங்க வேண்டும் என்ற நிபந்தனையை எதிர்த்து 2020ஆம் ஆண்டின் கடைசியில் தமிழ்நாட்டு லாரி உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். தரச்சான்று பெற்ற எந்தக் கருவியையும் எந்தக் கடையிலும் வாங்கும் உரிமை வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. ஒற்றை லாரி வைத்துக் கடனில் பிழைப்பவரின் கழுத்தை நெரித்து யாரும் சாலைப் பாதுகாப்பைக் கொண்டு வர முடியாது. ஆனால் கருவி விற்பவன் கொள்ளையடிக்கிறான் என்பதற்காகக் கருவியே வேண்டாம் என்பது, தராசு விற்பவன் விலை கூட்டி விட்டான் என்பதற்காக நிறுக்காமல் குத்துமதிப்பாக விற்பது போன்றது!

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தக் கருவிக்குக் கண் இல்லை. எதிரே பள்ளிக்கூடம் இருப்பதோ, சந்தை கூடியிருப்பதோ அதற்குத் தெரியாது. புதுச்சத்திரம் கடைத்தெருவில் 80 என்பதே கொலை வேகம். கருவி பிரேக் பிடிக்காது, ஓவர்லோடைக் குறைக்காது, டிரைவரைத் தூங்க வைக்காது. ஊருக்குள் 30, 40 என்ற பலகையும், அதைப் பார்க்கப் போலீசும், கடக்கும் இடத்தில் விளக்கும் தனியாக வேண்டும். கருவி மேல் எல்லையை மட்டும்தான் கட்டுகிறது.

அரசிடம் நாம் கேட்பது மூன்று. எஃப்.சி. நாளோடு நிறுத்தாமல் சாலையிலும் கருவியைச் சோதிக்க வேண்டும். சிப்காட் வாசலிலேயே டேங்கர்களைச் சோதிப்பதில் என்ன கஷ்டம்? சீல் உடைந்திருந்தால் டிரைவரிடம் அபராதம் வாங்கி விட்டுப் போகாமல், உரிமையாளர் மீதும் உடைத்துக் கொடுத்த பட்டறை மீதும் நடவடிக்கை எடுக்க வேண்டும். கருவி விற்பனையில் ஏகபோகத்துக்கு இடம் தரக் கூடாது.

வியாபாரச் சகோதரர்களிடம் கேட்பது அதைவிட எளியது. லோடு பேசும்போது வாடகையோடு, 'கவர்னர் வேலை செய்கிறதா?' என்றும் கேளுங்கள். முடியாத நேரத்தைக் குறிக்காதீர்கள். வந்த லாரியைக் காக்க வைக்காமல் இறக்கி அனுப்புங்கள். நம் ஊர் வியாபாரிகள் சங்கம் ஒரு தீர்மானம் போட்டால் போதும். கருவியைக் கழற்றிய லாரிக்கு லோடு கிடைக்காது என்றால், எந்த அதிகாரியும் செய்ய முடியாத வேலையை நாம் செய்து விடலாம்.

இளைஞர்களே! உங்களில் டிரைவர்கள் உண்டு, மெக்கானிக்குகள் உண்டு. 'அந்த வயரை மட்டும் கொஞ்சம் எடுத்து விடு தம்பி' என்று நூறு ரூபாயை நீட்டுபவர் உங்கள் பட்டறைக்கும் வருவார். மாட்டேன் என்று சொல்லி அனுப்புங்கள். அந்த லாரி எந்த ஊரில், யார் பிள்ளையின் எதிரே போய் நிற்க வேண்டியிருக்கும் என்பது அந்த நூறு ரூபாயை வாங்கும்போது உங்களுக்குத் தெரியாது.